பெட் பாவனையாக்கங்கள்

பெட் என்பது அறிவியல், கணிதக் கருத்துகளை மாணவர் தாமே இயக்கிப் பார்த்துக் கற்கும் பொருட்டு அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் பாவனையாக்கங்களின், அதாவது நிகழ்வுகளைக் கணினித் திரையில் மாதிரியாக நிகழ்த்திக்காட்டும் செயலிகளின், தொகுப்பாகும். இவை இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எனப் பாடவாரியாக வகுக்கப்பட்டுள்ளன. மின்சுற்றுப் பாவனையாக்கத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டும்போது, கண்ணுக்குப் புலப்படாத எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக விரைந்து நகர்வதும் மின்விளக்கு மேலும் ஒளிர்வதும் ஒருசேரத் தெரிவதால், காரண காரியத் தொடர்பு தெளிவாகிறது. நீண்ட அறிவுறுத்தல்களைத் தவிர்த்து, திரையிலுள்ள பொருள்களின் அமைப்பாலேயே ஆய்வுக்கு இட்டுச்செல்லும் மறைமுக வழிகாட்டல் இதன் வடிவமைப்புக் கோட்பாடாகும். 2001இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய இத்திட்டம், ஜாவா, ஃபிளாஷ் நுட்பங்களிலிருந்து எச்டிஎம்எல்5க்கு மாறியபின் கைக்கணினிகளிலும் இயங்குகிறது. ஆய்வகக் கருவிகள் போதாத பள்ளிகளுக்கும் இது பயன்படுகிறது.