வாணலியின் சத்தமும் கூடையின் நிமிடமும்

அம்மா வாழைக்காய் வறுக்கும்போது அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். துண்டுகளை எண்ணெயில் போட்டுவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவார். போட்டதும் 'சொய்ங்' என்று பெரிதாக எழுந்த சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் 'சிடுசிடு' என்று தணியும். அப்போது எழுந்து வந்து ஜல்லிக்கரண்டியை விடுவார். "சத்தம் அடங்கட்டும், அப்புறம் எடு. முன்னாடியே எடுத்தா நமுத்துப் போயிடும்." அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே அளவு அதுதான். டிகிரி கிடையாது, நிமிடமும் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு ஏர் ஃபிரையர் வந்தபோது நான் முதலில் தவித்தது இந்தச் சத்தத்துக்குத்தான். விசிறியின் இரைச்சலைத் தவிர உள்ளே நடக்கும் எதுவும் காதில் விழாது. கூடையை வெளியே இழுத்தால்தான் நிறம் தெரியும். கண்ணையும் காதையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு டிகிரி, நிமிடம் என்று இரண்டு எண்களை அது கையில் கொடுத்தது. அந்த எண்களை எங்கிருந்து எடுப்பது? வாணலியில் பொரிப்பதையும் கூடையில் பொரிப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சத்தம் எது என்று பார்ப்போம். 175 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் ஒரு வாழைக்காய்த் துண்டு விழுகிறது. அதன் மேற்பரப்பிலுள்ள தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிக் குமிழியாக வெளியேறுகிறது. நாம் கேட்பது அந்தக் குமிழிகளை. தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்வரை துண்டின் மேல்பகுதி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். காய்ந்த பிறகுதான் சூடு ஏறும். ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்டியதும் நிறம் வேகமாக மாறி மொறுமொறுப்பு வரும். ஆகவே சத்தம் அடங்குவது என்றால் மேற்பரப்பில் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். ஏர் ஃபிரையரிலும் நடக்க வேண்டியது இதேதான். தண்ணீர் போக வேண்டும், மேற்பரப்பு காய வேண்டும், பிறகு சிவக்க வேண்டும்.

சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. வாணலியில் ஒரு லிட்டர் எண்ணெய் இருந்தால் அதன் எடை சுமார் 900 கிராம். நான்கு லிட்டர் கூடைக்குள் 180 டிகிரியில் இருக்கும் காற்றை எடை போட முடிந்தால் ஏறக்குறைய 3 கிராம் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். எண்ணெய் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது; துண்டைப் போட்டதும் நாலாபுறமும் சூழ்ந்துகொண்டு அள்ளிக் கொடுக்கிறது. காற்றிடம் சேமிப்பு என்று எதுவும் இல்லை. மேலே இருக்கும் கம்பிச்சுருள் அந்தந்த நொடியில் தருவதை விசிறி கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். 250 கிராம் வாழைக்காய்த் துண்டுகளை ஏர் ஃபிரையரில் வைத்து எடுத்தபின் மறுபடி எடை போட்டால் சுமார் 160 கிராம் இருந்தது. 90 கிராம் தண்ணீர் போயிருக்கிறது. அதை ஆவியாக்க மட்டும் சுமார் 200 கிலோஜூல் வேண்டும். 1400 வாட் சுருள் தன் முழுச் சூட்டையும் ஒரு துளி வீணாகாமல் கொடுத்தாலும் இதற்கே இரண்டரை நிமிடம் ஆகும். ஆனால் பின்பக்கத் துவாரம் வழியாகச் சூடான காற்று போய்க்கொண்டே இருக்கிறது. குறித்த சூடு வந்ததும் சுருள் அணைந்து அணைந்து எரிகிறது. காற்றிலிருந்து காய்க்குச் சூடு இறங்குவதும் மெதுவாகத்தான். கடைசியில் ஆனது 15 நிமிடம். வாணலியில் அதே தடிமனுக்கு ஐந்து நிமிடம்.

பல காய்களிலும் இந்த மூன்று மடங்குதான் திரும்பத் திரும்ப வந்தது. எண்ணெயில் முங்கப் பொரிப்பதற்கு ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்கு. எண்ணெய் இருக்கும் சூட்டையே, அதாவது 175 முதல் 190 டிகிரிக்குள், வை. தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு வறுப்பதாக இருந்தால் ஒன்றரை மடங்கு போதும். வஞ்சிரம் துண்டு கல்லில் எட்டு ஒன்பது நிமிடம் பிடிக்கும். கூடையில் 180 டிகிரியில் 13 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் சரியாக இருக்கிறது. நெத்திலிக்கு எட்டு நிமிடத்திலேயே கூடையை இழுத்துப் பாருங்கள்.

இப்படி ஒரு பெருக்கல் நமக்கு ஏன் தேவைப்படுகிறது? இந்தக் கருவி 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தால் அறிமுகமானது. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் அவன் (oven) அடுப்பு உண்டு. சமையல் குறிப்புகளிலேயே டிகிரியும் நிமிடமும் அச்சாகியிருக்கும். அவர்கள் அந்த அடுப்புக்குச் சொன்னதில் சுமார் 20 டிகிரியையும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள், வேலை முடிந்தது. நம் குறிப்புகளில் இருப்பது 'மிதமான தீ', 'பொன்னிறமாக', 'பதமாக'. இவற்றில் எதிலிருந்து 20-ஐக் கழிப்பது?

கருவியோடு வரும் கையேட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் முதல் வரியில் இருப்பது உறைந்த உருளைக்கிழங்கு ஃபிரை. கடையில் வாங்கும் அந்த ஃபிரை தொழிற்சாலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பாதி பொரிந்து வருகிறது. அதன் மேற்பரப்பில் எண்ணெயும் இருக்கிறது, தண்ணீரும் ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கிறது. அதற்குப் போட்ட எண்களை அப்போதுதான் நறுக்கிய சேனைக்கிழங்குக்கு வைத்துவிட்டு, 'இந்த மெஷின் சரியில்லை' என்று மூலையில் தூக்கி வைத்தவர்கள் எத்தனையோ பேர். மெஷினின் மேல் தவறில்லை, எண்கள் வேறொரு பண்டத்துக்கானவை.

அடுத்தது தடிமன். வாணலியில் துண்டு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பொரிந்ததை முன்னதாக எடுத்துவிட்டு மற்றதை விட்டுவைக்கலாம். கூடையில் எல்லாவற்றுக்கும் ஒரே மணிதான் அடிக்கும். அதனால் கத்தி வேலை கச்சிதமாக இருக்க வேண்டும். வாழைக்காய் 5 மில்லிமீட்டர் என்றால் எல்லாத் துண்டும் 5 மில்லிமீட்டர். தடிமன் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்குதானே என்று நினைத்தால் உள்ளே வேகாது. சூடு உள்ளே நுழையும் வழி நீள நீள, நேரம் அதைவிட வேகமாகக் கூடும். இரண்டு மடங்குக்கு மேல், நான்கு மடங்குக்குள். இவ்வளவு நேரம் வைத்தால் வெளிப்புறம் கருகும் என்பதால், தடிமனானவற்றுக்கு டிகிரியைக் குறைத்து, கடைசி மூன்று நிமிடம் மட்டும் 200-க்கு ஏற்றுகிறேன். சேப்பங்கிழங்குக்கு இன்னும் நல்ல வழி நம்மிடமே இருக்கிறது. முதலில் வேகவைத்துத் தோலுரித்துக்கொள்கிறோம் அல்லவா? உள்ளே வேக வேண்டிய வேலை அங்கேயே முடிந்தது. மசாலா தடவி 190 டிகிரியில் 16 நிமிடம். எங்கள் வீட்டில் இப்போது சேப்பங்கிழங்கு வறுவலுக்கு வாணலி இறங்குவதே இல்லை.

கோழிக்கு நிறத்தை நம்பக் கூடாது. கறித்துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது பாதுகாப்புக்காக வகுத்த அளவு. குத்திப் பார்க்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் கவலை ஒழியும். எலும்பில்லாத சிறிய துண்டுகளுக்கு 190 டிகிரியில் 14 நிமிடம் போல ஆகிறது. ஒருமுறை அவசரத்தில் 200 வைத்தேன். கறி வேகும் முன் மிளகாய்த்தூள் கறுத்துக் கசந்துவிட்டது. எண்ணெயில் பொரிக்கும்போது மசாலாவை எண்ணெய் சூழ்ந்திருக்கும். இங்கே வறண்ட சூடான காற்று நேராகத் தூளின்மேல் அடிக்கிறது. அதற்குப் பிறகு மசாலாவிலேயே இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் குழைத்துத்தான் தடவுகிறேன்.

அளவிலும் இரண்டும் இரண்டு விதம். வாணலியில் அதிகமாகப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிப் பண்டம் எண்ணெய் குடிக்கும். கூடையில் அதிகமாகப் போட்டால் நீராவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றும், வறுவல் அவியலாகிவிடும். கால் கிலோவுக்கு 15 நிமிடம் என்றால், அரைக் கிலோவுக்கு 22 நிமிடமும் மூன்றுமுறை குலுக்கலும் தேவைப்பட்டன, அப்போதும் முதல் கூடையின் மொறுமொறுப்பு வரவில்லை. நான்கு பேருக்கு மேல் உட்காரும் வீட்டில் இரண்டு தடவை போடுவதே வழி. வாணலியிலும் இரண்டு மூன்று ஈடு போடத்தானே செய்கிறோம். எண்ணெய் காயும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது. அங்கே அடுப்படியை விட்டு நகர முடியாது, இங்கே நகரலாம்.

மின்சாரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் 230-லிருந்து 200-க்கு இறங்கும் தெருக்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. அப்போது சுருள் தரும் சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். மத்தியானம் சரியாக வந்த வெண்டைக்காய் ராத்திரி வழவழப்போடு நின்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். முன்கூட்டியே ஐந்து நிமிடம் காலியாக ஓடவிட்டுப் பிறகு காயைப் போடுங்கள்.

சில பண்டங்களுக்கு எந்தப் பெருக்கலும் உதவாது. பஜ்ஜி மாவு எண்ணெயைத் தொட்ட கணத்தில் இறுகிக்கொள்கிறது. கூடையில் அது இறுகுவதற்குள் ஓட்டை வழியே ஒழுகிவிடும். மெதுவடை வரும், ஆனால் வெளியே தோல் தடித்து உள்ளே பன் மாதிரி இருக்கும். நான் அதை வடை என்று சொல்ல மாட்டேன். மசால்வடை பரவாயில்லை. மாவு கெட்டியாகவும் கரகரப்பாகவும் இருப்பதால் மேலே எண்ணெய் தடவி 180-ல் 16 நிமிடம் வைத்தால் மரியாதையாக வருகிறது. முறுக்கும் அதிரசமும் வாணலிக்கே சொந்தம். அப்பளம் விசிறிக் காற்றில் பறந்து சுருளில் போய் ஒட்டிக்கொள்ளும்; கம்பித்தட்டைக் கவிழ்த்து வைத்தால்தான் நிற்கும். கறிவேப்பிலையைக் கடைசியில் தனியாகத் தாளித்துப் போடுங்கள்.

உடம்புக்கு எது நல்லது என்ற கேள்விக்கு ஏர் ஃபிரையரின் பக்கம் உறுதியான நியாயம் உண்டு. கடையில் விற்கும் உருளைக்கிழங்கு சிப்ஸில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். பொரித்து மிஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது அதைவிடக் கேடு. சமையல் எண்ணெயில் இப்படிக் காய்ச்சக் காய்ச்சக் கூடும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. இரண்டு ஸ்பூன் எண்ணெயில் முடியும் சமையலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அக்ரிலமைடு விஷயத்தில் இரண்டுக்கும் சலுகை கிடையாது. மாவுச்சத்துள்ள பண்டம் 120 டிகிரிக்கு மேல் வறண்டு சிவக்கும்போது உண்டாகும் இந்தப் பொருளை 2002-ல் சுவீடன் ஆய்வாளர்கள் உணவில் கண்டறிந்து அறிவித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உருளைக்கிழங்கு ஃபிரைக்கு எண்ணெய்ச் சூடு 175 டிகிரிக்குள் இருக்கட்டும் என்கிறது. கூடையில் வைத்தாலும் கிழங்கை நறுக்கித் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, ஈரம் துடைத்து, பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். காப்பிநிறம் வரை விட வேண்டாம்.

அம்மாவுக்கு இப்போது கூடையைப் பழக்கியிருக்கிறேன். மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போதே இழுத்து, காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குகிறார். ஈரம் இருந்தால் 'தொப்தொப்', காய்ந்திருந்தால் 'கலகல'. "இன்னும் அடங்கலைடா, உள்ள தள்ளு" என்கிறார். நான் தராசும் தெர்மாமீட்டரும் வைத்துக் கண்டுபிடித்த நேரத்துக்கும் அவர் குலுக்கலுக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை.

நீங்கள் ஏர் ஃபிரையர் வைத்திருந்தால், அதன் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். பண்டம், தடிமன், எடை, டிகிரி, நிமிடம், எப்படி வந்தது என்று ஆறு விஷயங்களை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். உங்கள் வீட்டு மின்சாரத்துக்கும் உங்கள் கத்திக்கும் பொருந்தும் கையேடு அதுதான். முதல் வரிக்கு வாழைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள்: 5 மில்லிமீட்டர், கால் கிலோ, 180 டிகிரி, 15 நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரு குலுக்கல்.