சங்குப் பாலும் தையல் நூலும்

சீர்காழிக்காரர்களுக்குப் பால் குடித்த பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. பிரமதீர்த்தக் கரையில் அழுத குழந்தைக்கு அம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததைச் சித்திரை தோறும் திருமுலைப்பால் விழாவாகக் கொண்டாடுகிறோம். அதே ஊரைச் சுற்றி, தாயிடம் பால் இருந்தும் குடிக்க வாய் அமையாத பிள்ளைகளும் பிறந்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக அந்த வீடுகளின் திண்ணைகளில் உட்கார்ந்தவள் நான். இம்மலரில் மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றியும் படுக்கைகளைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் உதட்டுப் பிளவைப் பற்றி எழுதுகிறேன்.

உதடு மட்டும் பிளந்திருந்தால் பல குழந்தைகள் எப்படியோ முலை பிடித்துவிடும். அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது. வயிற்றுக்குள் காற்றுதான் போகும், பால் மூக்கு வழியாக வெளியே வரும். பெற்றவள் பயந்துபோவாள். அப்போது நான் முதலில் கேட்பது, "வீட்டுல சங்கு இருக்காம்மா?" என்பதுதான். மருத்துவமனைகளில் பாலாடை என்று சொல்லி இன்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுத்துவது நம் பாட்டிகள் வைத்திருந்த அந்தச் சங்கைத்தான். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. தலை நிமிர்ந்திருக்க மடியில் சாய்த்து, பீய்ச்சிய தாய்ப்பாலைச் சங்கில் எடுத்து, அதன் மூக்கைக் கடைவாயோரம் வைக்க வேண்டும். ஒரு மிடறு. அது விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மிடறு. நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் எடுக்க வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அறுவைக்கு முன்பே செத்துப்போன பிள்ளைகள் உண்டு. பிளவு அவர்களைக் கொல்லவில்லை, பட்டினிதான் கொன்றது. அறுவைக்கு நாள் குறிக்க மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கணக்கு, 10 வாரம், 10 பவுண்டு, இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின். 10 பவுண்டு என்றால் ஏறத்தாழ நாலரைக் கிலோ. அந்த நாலரைக் கிலோ சங்கிலிருந்துதான் வந்தது.

அடுத்து வருவது கிரகணம். "மாசமா இருக்கறப்ப வெளில வராதடின்னு சொன்னேன், அருவாமணையில காய் அரிஞ்சா நர்சம்மா" என்று மாமியார் சொல்ல, மருமகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். மெக்சிகோவின் பழைய அஸ்டெக் மக்களும் கிரகணத்தையே காரணமாகச் சொன்னார்களாம். கருவில் மேலுதடு கூடுவது ஆறாவது, ஏழாவது வாரத்தில். இரு கன்னப் பக்கமிருந்தும் வளரும் தசை, மூக்கின் கீழிருந்து இறங்கும் நடுப்பகுதியோடு ஒட்ட வேண்டும். ஒட்டாமல் நின்றால் பிளவு. நாள் தள்ளிப்போனது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நேரம் அது. பரம்பரை, ஊட்டக் குறைவு, சில வலிப்பு மருந்துகள், புகை என்று பல சேர்ந்து வருவதால் பெரும்பாலும் ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் அரிவாள்மணை நிச்சயமாகக் காரணமில்லை. இதைச் சொல்ல நான் ஒருபோதும் தயங்கியதில்லை.

உலகக் கணக்கில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று. பெரும்பாலும் ஒரு பக்கத்தில், அதிலும் இடது பக்கத்தில்தான் அதிகம். மிக அபூர்வமானது நட்டநடுவில் வரும் பிளவு. அதைக் கண்டால் உதட்டோடு நிறுத்தாமல் மூளையையும் பரிசோதிக்கச் சொல்வார்கள், முகத்தின் நடுப்பகுதியும் மூளையின் முன்பகுதியும் ஒன்றையொன்று ஒட்டியே உருவாவதால். சில குழந்தைகளுக்குப் பிளவே தெரியாது, கருவிலேயே யாரோ தைத்து ஆறிய தழும்பு போல ஒரு கோடு மட்டும் இருக்கும். அரிதாக இரட்டை உதடும் உண்டு: வாயை மூடியிருந்தால் தெரியாது, சிரித்தால் உள்ளிருந்து இன்னொரு மடிப்பு இறங்கும். அதனாலேயே சிரிக்காமல் வளரும் பிள்ளைகள் உண்டு. சிறு அறுவையில் சரியாகிவிடும்.

எங்கே போவது என்பதுதான் பெரிய கேள்வி. நாலாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு வியாதி தீர்க்கும் வைத்தியநாதர் நமக்கு ஏழு கிலோமீட்டரில் இருக்கிறார், அறுவை மேசை அப்படிப் பக்கத்தில் இல்லை. சீர்காழி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை. மாவட்டம் மாறும்போதெல்லாம் பரிந்துரைச் சீட்டில் எழுதும் ஊரும் மாறியது. தஞ்சை மருத்துவக் கல்லூரி வந்தது 1950களின் கடைசியில். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இலும் மருத்துவக் கல்லூரி 1985இலும் வந்தபோது, அரை மணிப் பேருந்துப் பயணத்தில் பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தது. நடவு, அறுப்புக் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியவர்களுக்கு அந்தத் தூரமும் சாதாரணமல்ல.

காசுக் கவலை குறைந்தது இன்னும் பிறகு. 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனம், உள்ளூர் மருத்துவர்களுக்கே பண உதவி செய்து இலவச அறுவைக்கு வழி செய்தது. திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் டாக்டர் அடென்வாலா போன்றவர்கள் அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தக் குழந்தைகளுக்காக உழைத்தவர்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் உதட்டுப் பிளவையும் தன் பட்டியலில் சேர்த்து, அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழுவை அனுப்பியது. இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். முன்பெல்லாம் பிள்ளையை மறைத்துவைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

தையல் போட்டதோடு முடிவதில்லை. 'ப'வும் 'ம'வும் இதழ் இரண்டும் பொருந்திப் பிறப்பவை என்று தொல்காப்பியம் எழுத்தின் பிறப்பைச் சொல்கிறது. அண்ணம் சரியாக அடைபடாவிட்டால் 'ப' சொல்லப்போன மூச்சு மூக்குக்கு ஓடிவிடும், 'பாப்பா' 'மாம்மா' ஆகும். பேச்சுப் பயிற்சியாளர் அருகில் இல்லாத கிராமங்களுக்காகப் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையினர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நம் பக்கத்துக்கும் அது வர வேண்டும் என்று இந்த மலர் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் என் பையில் ஒரு சின்னக் கைக்கண்ணாடி உண்டு. பிள்ளையின் மூக்குக்குக் கீழே அதைப் பிடித்து, "பாப்பா சொல்லு" என்பேன். மூக்கில் காற்று ஒழுகினால் கண்ணாடியில் ஆவி படியும். அண்ணமும் தைத்து முடித்த நாலு வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா மாதக்கணக்கில் பழக்கினாள். போன தை மாதம் போயிருந்தேன். முதல் தடவை படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். "பாப்பா" என்றாள். கண்ணாடி தெளிவாகவே இருந்தது.