காணிக்கும் மனதுக்கும் ஒரே வினைச்சொல்

குடியியற் கல்வி படித்த நம் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை பாடம். இறைமை மக்களுக்குரியது, அது பராதீனப்படுத்த முடியாதது. எழுதிப் புள்ளியும் எடுத்துவிடுவார்கள். பராதீனம் என்றால் என்ன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதே பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் 'ஏலியனேட்' என்ற வினைச்சொல்லுக்கு 'அந்நியப்படுத்து' என்று கருத்து எழுதுவார்கள். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் தமிழ்தான்.

லத்தீனில் 'ஏலியஸ்' என்றால் மற்றவன். ஒன்றை மற்றவனுடையதாக்குவதே இந்த வினை. நமது 'பராதீனம்' என்ற சொல்லிலும் 'பர' என்பது மற்றவர்தான். இங்கிலாந்தில் இது காணிச் சட்டத்தின் சொல்லாக நீண்டகாலம் புழங்கியது. நிலப்பிரபுவின் சம்மதம் இல்லாமலே குடியானவன் தன் காணியை விற்கலாம் என்ற உரிமையை அங்கு 1290ஆம் ஆண்டுச் சட்டமொன்று கொடுத்தது. காணி கைமாறுவது போல அன்பும் கைமாறும் என்று நினைத்தார்கள் போலும். ஒருவர் மனதை இன்னொருவரிடமிருந்து விலக்குவதற்கும் அதே சொல் வந்தது. மனைவியின் அன்பைப் பறித்தான் என்று மூன்றாம் ஆள் மீது நட்டஈட்டு வழக்குப் போடும் முறை அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்றும் இருக்கிறது!

நம் நாட்டுக்கும் இச்சொல் காணியோடுதான் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலத்தையெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்றது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணியைக் குடியானவர்களுக்குப் 'பராதீனப்படுத்த' வழி செய்தது. காணிக் கச்சேரி, அனுமதிப்பத்திரம், பிறகு அளிப்பு என்று நம் பெரியவர்கள் அலைந்ததெல்லாம் இந்தச் சொல்லின் பின்னால்தான்.

பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'எஸ்ட்ரேஞ்ச்'. இதன் வேர் 'வெளியாள்'. முன்பு நெருக்கமாக இருந்தவர்களுக்கே இது பொருந்தும். முன்பின் தெரியாதவரை யாரும் எஸ்ட்ரேஞ்ச் செய்ய முடியாது. பெரும்பாலும் செயப்பாட்டு வடிவத்தில் வரும், பிரித்தது யார் என்று சொல்லாது. ஏலியனேட் அப்படியல்ல. அதைச் செய்வினையாக எழுதினால் எழுவாய் கேட்கும். யார், யாரை, யாரிடமிருந்து?

இந்த இலக்கணம் நமக்கு வெறும் பரீட்சை விடயமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று யாரும் உறுதி எழுதவில்லை, நொத்தாரிசு வரவில்லை, ஒரு கையொப்பமும் இல்லை. சட்டத்தின் கண்ணில் ஒரு பேர்ச் காணிகூட பராதீனமாகவில்லை. பராதீனமானது மனிதர்கள், பக்கத்து வீட்டிலிருந்து, கூடப் படித்தவரிடமிருந்து, நோன்புக் கஞ்சி கொடுத்து வாங்கிய வேலியிலிருந்து. காணி நம் பெயரில் இருந்தது, ஊர் இல்லாமல் போனது.

பின்னர் காணிக்கும் ஆபத்து வந்தது. பத்து வருடம் எதிரிடையாக ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது நம் காலவிதிப்புச் சட்டம். துரத்தப்பட்டவர் எப்படி வந்து தடுப்பார்? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையைக் காக்க முடியாமல் போனவர்களுக்கு எதிராகக் கணக்கிடக் கூடாது என்றது. காணிக்கு அப்படி ஒரு கணக்கு வைக்க முடிந்தது. அயலவர் உறவுக்கு எந்தச் சட்டமும் அப்படிக் காலத்தை நிறுத்தி வைக்கவில்லை.

இன்றும் பல அறிக்கைகளில் 'இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்' என்றே எழுதுகிறார்கள். தாமாகவே பெயர்ந்தது போல. 'வெளியேற்றப்பட்ட' என்று திருத்தி எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்கிறோம். அதுவும் செயப்பாட்டு வினைதான், ஆனால் யாரால் என்ற கேள்விக்கு அதில் இடம் இருக்கிறது. 1990க்கு முந்திய உறுதியோ அனுமதிப்பத்திரமோ வீட்டில் இருந்தால், வரும் விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எல்லைகளை வாசித்துப் பாருங்கள். கிழக்கே யார், மேற்கே யார் என்று அயலவர் பெயர்கள் அதில் இருக்கும்.