1929 நவம்பரில் வாங்கியவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்கும் வரலாறும் படித்தவன். மனைவியின் நகையை அடகு வைத்துப் பங்குச் சந்தையில் போட்டிருக்கிறான். "சார், இவ்வளவு விழுந்திருச்சு, இனிமே திரும்பித்தானே ஆகணும்?" என்றான். "திரும்பலாம் தம்பி, திரும்பின பிறகும் பணம் போகும்" என்றேன். போனில் பாதியில் விட்ட கதைதான் இது.

அமெரிக்காவில் 1929 அக்டோபரில் சந்தை விழுந்தது, பெருமந்தம் வந்தது என்று ஒரே வரியில் நானும் வருடக்கணக்காகப் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகுதான் நாள்வாரி எண்களைப் பார்த்தேன். நியூயார்க் சந்தையின் டோ ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பர் 3 அன்று 381. நவம்பர் 13 அன்று 199. அங்கிருந்து சந்தை திரும்பியது! 1930 ஏப்ரல் 17 அன்று 294. ஐந்தே மாதத்தில் 48 சதவீத ஏற்றம். நவம்பரில் வாங்கியவர் ஏமாளி இல்லை, அவர் கணிப்பு சரி.

ஆனால் எங்கே வெளியேறுவது என்று முடிவு செய்யாதவருக்கு, 294 வந்ததும் பழைய 381 கண்ணில் தெரியும். விற்க மனம் வராது. 1930 முடிவதற்குள் அந்த 199-உம் உடைந்தது. 1932 ஜூலை 8 அன்று குறியீடு 41. பழைய உச்சத்தை மீண்டும் எட்ட 1954 நவம்பர் ஆனது. வாங்கிய அன்று பிறந்த குழந்தைக்கு அப்போது 25 வயது.

இதையே கரும்பலகைக் கணக்காகப் போடுவோம். குறியீட்டை ஒரு பங்கின் ரூபாய் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 199-தான் அடி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆகவே 220-ஐத் தாண்டட்டும், அப்போது வாங்கலாம். 199-க்குக் கீழே போனால் திரும்பியது என்ற நம் எண்ணமே தப்பு. எனவே ஸ்டாப் லாஸ் 195. விழுந்தது 182, அதில் பாதி 91. பாதியாவது மீளும் என்று எடுத்தால் 290-இல் விற்க வேண்டும். 25 ரூபாய் நட்டத்துக்குத் துணிந்து 70 ரூபாய் லாபம் பார்க்கிறோம். மொத்தம் 5,000 ரூபாய் போனால் தாங்குவேன் என்றால் 5,000-ஐ 25-ஆல் வகு. 200 பங்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். (நடந்து முடிந்ததைப் பார்த்துக் கணக்குப் போடுவது சுலபம் என்பது எனக்கும் தெரியும்.)

ஸ்டாப் லாஸ் போட்டால் அதே விலை கிடைக்கும் என்றும் நம்பாதீர்கள். 1929 அக்டோபர் 24 அன்று விலை அச்சடிக்கும் டிக்கர் இயந்திரம் மணிக்கணக்கில் பின்தங்கியது. தான் எந்த விலைக்கு விற்றோம் என்பது பலருக்கு இரவில்தான் தெரிந்தது. இன்றும் மறுநாள் காலை விலை ஒரேயடியாகக் கீழே திறந்தால் கதை அதுதான்.

ஜெஸ்ஸி லிவர்மோர் என்ற பெரிய வணிகர் அந்தச் சரிவிலேயே கோடிக்கணக்கான டாலர் சம்பாதித்தார். நட்டத்தில் இருப்பதை மேலும் வாங்காதே என்பது அவரே வகுத்த விதி. 1908-இல் பருத்தியில் அந்த விதியை மீறித்தான் பெரும் நட்டப்பட்டார். 1934-இல் திவால்.

நான் மட்டும் யோக்கியனா? ஓய்வூதியப் பணப்பலனில் ஒரு பகுதியை இப்படித்தான் விழுந்த பங்கு ஒன்றில் போட்டேன். ஏறியது, விற்கவில்லை. இறங்கியது, "ஆவரேஜ்" செய்தேன். வீட்டுக்காரிக்குச் சொல்ல எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மாணவனிடம், வாங்கிய விலை, வெளியேறும் விலை, ஸ்டாப் லாஸ் மூன்றையும் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நேற்றிரவு வந்தது. முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இடம் காலி. சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகை விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டாயா என்றும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.