நிலவில் விழுந்த நிழல்

மலர்க் குழு நண்பர்கள் போன் பண்ணி, "வரலாற்றுத் துறைக்காரன் நீ, ரெண்டு பக்கம் எழுதிக் கொடுடா" என்று கேட்டார்கள். உடனே ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. அதை அடைக்கவே இந்தக் கட்டுரை.

1981-ல் நான் இரண்டாம் ஆண்டு மாணவன். நம் கல்லூரி ஆண்டு மலரில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். "இராஜராஜன் எழுப்பிய விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை" என்று பெருமையோடு முடித்திருந்தேன். விடுதியே பாராட்டியது. எங்கள் பேராசிரியர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, மலரைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இதை நீ பார்த்தியா?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"எல்லாரும் சொன்னதைக் கேட்கலை. நீ பார்த்தியான்னு கேட்டேன்."

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லாமல் மலரை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம். கும்பகோணத்துக்காரன் நான், ஆயிரம் தடவை போன கோயில். ஆனால் ஒரு தடவைகூட நிழல் எங்கே என்று குனிந்து பார்த்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனபின் போட்டோ எடுப்பதில் பைத்தியம் பிடித்தது. 1993, மாசி மாதப் பௌர்ணமி. முக்காலி வைத்துப் படம் எடுக்க எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, மாலையில் பெரிய கோயிலுக்குள் போனேன். விமானத்தின் இரவு அழகை எடுப்பதுதான் என் எண்ணம். நிழல் விஷயமே மறந்துபோயிருந்தது.

பிரகாரத்தின் வடமேற்கு மூலையில், சுப்பிரமணியர் சன்னதிப் பக்கமாக முக்காலியை ஊன்றினேன். விளக்கு வெளிச்சத்தில் விமானம் மஞ்சளாக நின்றது. மணி எட்டு இருக்கும். பட்டென்று கரண்ட் போய்விட்டது. கூட்டத்தில் "ஓ" என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. கண் பழக இரண்டு நிமிஷம் ஆயிற்று. கிழக்கே நிலா ஏறியிருந்தது. விமானத்துக்கு மேற்கே தரை முழுக்க ஒரு பெரிய கறுப்பு. அது தரையில் நீண்டு, மேற்குத் திருச்சுற்று மாளிகையின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. நிழல்!

400 ஏ.எஸ்.ஏ. கறுப்பு-வெள்ளை பிலிம். ஷட்டரை 'பல்ப்'பில் வைத்து, கேபிளை அழுத்தியபடி வாய்விட்டு எண்ணினேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நான்கு நிமிஷம் என்று மூன்று படங்கள். நான்காவதுக்குள் கரண்ட் வந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது நான்கு நிமிஷப் படம்தான் தேறியது. நட்சத்திரங்கள் சின்னக் கோடுகளாக இருந்தன. அங்குமிங்கும் நடந்த மனிதர்கள் ஒருவரும் படத்தில் பதியவில்லை. நிழல் மட்டும் அசையாமல் பதிந்திருந்தது.

காரணம் எளிது. சுமார் 200 அடி உயரத்துக்குப் படிப்படியாகக் குறுகிச் செல்லும் விமானம் அது. தஞ்சையில் உச்சிவெயில் நேரத்தில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும்போது, மேல் நிலைகளின் நிழல் அகலமான கீழ் நிலைகளிலேயே அடங்கிவிடும். காலையிலும் மாலையிலும் தாராளமாகத் தரையில் விழும்.

படத்தைப் பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பினேன். மன்னிப்பும் கேட்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது: "நிழல் சரி. அந்தக் கோயிலின் விளக்குகளைப் பற்றிப் படித்தாயா? தென்னிந்தியக் கல்வெட்டுகள், இரண்டாம் தொகுதி பார்."

ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்த தொகுதி அது. நூலகத்தில் தேடி எடுத்துப் படித்தேன். எத்தனை நுணுக்கமான கணக்கு! ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் 'ஆடவல்லான்' என்னும் அளவையால் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் காக்க வேண்டும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு பெற்ற இடையர்களின் பெயரும் ஊரும் கல்லில் இருக்கின்றன. தான் கொடுத்ததையும், அக்கன் குந்தவை கொடுத்ததையும், தேவியரும் மற்றவரும் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னன், விளக்குக்கு நெய் அளந்தவனையும் விட்டுவிடவில்லை. 1010-ல் விமான உச்சிக்குப் பொன் வேய்ந்த செப்புக் குடம் கொடுத்த நாளைக்கூடக் குறித்திருக்கிறான். நிழல் விழாது என்று மட்டும் எங்கும் பீற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த முறை போனபோது அந்த எழுத்துகளைத் தேடினேன். பகல் வெயிலில் பல இடங்களில் எழுத்து கல்லோடு கல்லாக மங்கித் தெரிந்தது. இருட்டியபின் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன். ஒவ்வொரு வெட்டிலும் நிழல் நிரம்பி, எழுத்துகள் புடைத்துக்கொண்டு வந்தன. நேராக அடித்தால் மறைகிறது, சாய்த்து அடித்தால் படிக்க முடிகிறது. இல்லை என்று நான் எழுதிய நிழல்தான் அன்று எனக்குப் பாடம் நடத்தியது.

பேராசிரியர் இன்று இல்லை. அந்தக் கார்டு என்னிடம் இருக்கிறது. நிழல் படம் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஆனால் 1981 மலர் நம் கல்லூரி நூலகத்தில் பைண்டு செய்யப்பட்டு இன்னமும் இருக்கிறது. போன வருஷம் அங்கே போயிருந்தபோது, ஒரு மாணவி அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தொண்டை அடைத்தது. "அதை எழுதினவன் நான்தாம்மா, அது தப்பு" என்று சொன்னேன். அவள் நம்பாமல் சிரித்தாள்.

எனவே நண்பர்களே, 1981 ஆண்டு மலரில் நான் எழுதிய அந்தக் கடைசி வரிக்கு இதைத் திருத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் இதை நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். ஒரு சாயங்காலம் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுங்கள். குனிந்து தரையைப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.