குவிண்டால் வந்த வழி

நெல்லைக் குவிண்டால் கணக்கில் போடுகிறோமே, அந்தப் பேர் எங்கேயிருந்து வந்தது தெரியுமா?

லத்தீன் மொழியில் 'சென்டினேரியம்' என்றால் நூறு கொண்டது. அது கிரேக்கர் வழியாக அராபியரிடம் போய் 'கிந்தார்' ஆச்சு; ஸ்பெயினில் 'கிண்டால்' ஆச்சு. அங்கே அது 100 ராத்தல், அதாவது சுமார் 46 கிலோ. அதில் கால் பங்குக்குப் பேர் 'அரோபா'. அராபியில் 'ருபு' என்றால் கால்.

நம்ம சென்னை மணங்கும் 25 ராத்தல்தான். 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. வங்காள மணங்கோ 82 ராத்தலுக்கு மேலே! பேர் ஒன்று, எடை வேறு என்றால், விவரம் தெரியாதவன் ஏமாற வேண்டியதுதானே?

இந்தக் குழப்பம் தீர 1956-ல் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அரிசி மண்டியானாலும், உங்க ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமானாலும், குவிண்டால் என்றால் 100 கிலோ.

ஆனால் மூட்டைக்கு மூட்டை எடை மாறும். ஆகவே மூட்டைக் கணக்கில் விலை பேசாதீங்க. முத்திரை போட்ட தராசில் நிறுத்து, சாக்கு எடையைக் கழித்து, கிலோ கணக்கில் காசு வாங்குங்க.