உம்மா முதலில் சாப்பிட மறுத்த பர்மாக் கடை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை விடுமுறையில் உம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போயிருந்தோம். நம்மட ஆக்கள் வழக்கமாகத் தங்கும் மண்ணடியில்தான் அறை எடுத்தோம். அங்கிருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தால் பர்மா பஜார். அதன் பின்னால் உள்ள தெருக்களில் பின்னேரமானால் பர்மியச் சாப்பாட்டுக் கடைகள் திறக்கும். 'அத்தோ' கடை என்பார்கள். வரலாறு படிப்பிக்கிற எனக்கு அதைப் பார்க்காமல் வர மனமில்லை. மஃரிபுக்குப் பிறகு உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரு தள்ளுவண்டி, அதன் பின்னால் ஒடுக்கமான ஒரு அறை, நாலு பிளாஸ்டிக் கதிரை. மகன் பிசைகிறார், மருமகள் சூப் ஊற்றுகிறார். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிக்கிறார்.

உம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பர்மாக்காரர்ர கடையா மகன்? ரோஹிங்கியா ஆக்களுக்குச் செஞ்சதெல்லாம் மறந்து போச்சா? எனக்கு வேணாம். ஹலாலோ என்னமோ."

உம்மாவைக் குறை சொல்ல முடியாது. 1982ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களை நாடற்றவர்கள் ஆக்கியதையும், 2017இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்குள் ஓடி வந்ததையும் நாம் எல்லோரும் பார்த்தோம். பர்மா என்றாலே நம் வீடுகளில் அந்தப் படங்கள்தான் ஞாபகம் வரும்.

உம்மா சொன்னது அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. கோபிக்கவில்லை. "உள்ள வாம்மா. இங்க கறி கிடையாது, முட்டை மட்டும்தான். சூப் வாழைத்தண்டுல வெச்சது. நாங்க பர்மாக்காரங்க இல்ல, தமிழ் ஆளுங்கதான். அங்கேர்ந்து எங்களயும் தொரத்திட்டாங்க" என்றார்.

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் உம்மா உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். செம்மஞ்சள் நிறத்தில் தடித்த நூடில்ஸ். அதோடு மெல்லிசாக அரிந்த கோவா, வெங்காயம், பழப்புளிக் கரைசல், வறுத்த கடலை மா, செத்தல் தூள், பூண்டு பொரித்த எண்ணெய், கொத்தமல்லி இலை. 'பேஜோ' என்ற மொறுமொறுப்பான பொரியலையும் நொறுக்கிப் போட்டு எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருகிறார்கள். பர்மிய மொழியில் அந்தச் சொல்லின் கருத்தே கையால் பிசைந்து கலந்தது என்பதுதான். அங்கே இஞ்சியிலும் செய்வார்கள், ஊறவைத்த தேயிலையிலும் செய்வார்கள், சமோசாவை வெட்டிப் போட்டும் செய்வார்கள். சமோசாவும் பராட்டாவும் இந்தியர்களோடு அங்கே போனவை. 'டான்பௌ' என்று அவர்கள் சொல்லும் பிரியாணியும் முஸ்லிம்கள் கொண்டுபோனதுதான்.

பக்கத்தில் ஒரு கோப்பை வாழைத்தண்டு சூப். இதன் மூலம் பர்மியர்கள் காலையில் சாப்பிடும் 'மொஹிங்கா'. அது மீன் அவித்த குழம்பில் வாழைத்தண்டும் கடலை மாவும் சேர்த்து அரிசி நூடில்ஸில் ஊற்றுவது. நம்மட இடியப்பமும் சொதியும் ஞாபகம் வந்தது. அந்தக் கடையின் சூப்பில் மீன் இல்லை.

இந்தக் குடும்பம் ஏன் பர்மாவுக்குப் போனது, ஏன் வந்தது? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1852இல் நடந்த இரண்டாவது போரில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி ஆற்றுப் படுகையின் காடுகள் வெட்டப்பட்டு நெல்வயல்கள் ஆகின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வயலுக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் வங்காளிகளும் கப்பல் ஏறினார்கள். கடன் கொடுக்க நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். நம் நாட்டு முஸ்லிம்களோடு நெடுங்காலத் தொடர்புள்ள தமிழகக் கரையோர முஸ்லிம்களும் வியாபாரத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களைச் 'சூலியா' என்றார்கள். யாங்கோன் நகரின் நடுவில் சூலியாக்களின் ஜும்ஆப் பள்ளி இன்றும் இருக்கிறது.

1931 குடிசன மதிப்பின்படி பர்மாவில் இருந்த இந்தியர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். ரங்கூன் நகரின் 4 இலட்சம் மக்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள்தான்.

அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களில் நாங்களும் இருந்தோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இலங்கை மக்கள் உண்ட அரிசியில் பாதிக்கும் மேற்பட்டது வெளியில் இருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசி கூப்பனுக்கு வந்தது. நம் மூத்தம்மாமார் கதைக்கும் 'கூப்பன் காலம்' அப்படி வந்ததுதான். கோதுமை மாவும் பாணும் நம் அடுப்படிக்குள் இவ்வளவு ஆழமாக நுழைந்ததும் அந்தப் பஞ்சத்தில்தான்.

இப்போது மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது, துரத்தப்பட்டவரின் கதையை மட்டும் கேட்டால் பாதி வரலாறுதான் விளங்கும் என்று.

1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் விழுந்தது. நெல் விலையும் விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, காணி கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 வீதக் காணி. 1937 அளவில் அது கால்வாசி ஆனது. தன் தகப்பன் உழுத வயலில் கூலிக்கு நிற்கும் ஒருவனுடைய கோபம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளர்மீது அந்தக் கோபம் விழுந்தது. 1938 கலவரத்தில் முஸ்லிம்கள்மீது விழுந்தது. வந்தவர்களை அங்கே 'கலா' என்றார்கள், கடல் கடந்து வந்த அந்நியன் என்ற பொருளில்.

ஜப்பானியப் படையெடுப்பின்போது ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். பெரும்பாலானோர் மலையும் காடும் கடந்து கால்நடையாகப் போனார்கள். வழியில் பல்லாயிரம் பேர் நோயாலும் பசியாலும் மௌத்தானார்கள்.

போர் முடிந்து சிலர் திரும்பிப் போனார்கள். 1948 ஜனவரி 4இல் பர்மா சுதந்திரம் அடைந்தது, நமக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமை ஆயின. அதே வருடம் மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டிக்குள் சேர்த்து வைத்த பணம் ஒரே நாளில் கடதாசி ஆனது. பெரிய கடன்காரர்களின் காணிகள் அதற்கு முன்பே போய்விட்டன. இந்த முறை அகப்பட்டவர்கள் பெரும்பாலும் சின்னக் கடைக்காரர்கள், லிகிதர்கள், கூலிகள். பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அரிசியில் பெரும் இலாபம் கண்ட வெள்ளைக்காரக் கம்பனிகள் கணக்கை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டன.

கடை அம்மா தன் கதையைச் சொன்னார். தகப்பனுக்கு ரங்கூனில் பருப்புக் கடை. "காலையில ஆர்மி வந்து சாவிய வாங்கிட்டாங்க. அப்பா வாசல்லயே நின்னுட்டு இருந்தாரு. அடுத்த வருஷம் கப்பல்ல ஏத்திவிட்டாங்க. அம்மா காதுல இருந்த தோட்டக்கூட துறைமுகத்துல கழட்டிக்கிட்டாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு. மெட்ராஸ நான் அதுக்கு முந்தி பார்த்ததே இல்ல."

அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் தமிழ்நாட்டில் குடியேற்றப்பட்டார்கள். வியாசர்பாடியிலும் திருச்சியிலும் மதுரையிலும் இன்னும் பல ஊர்களிலும் பர்மாக் காலனிகள் உருவாகின. துறைமுகத்துக்கு அருகில் நடைபாதையில் கடை போட இடம் கொடுக்கப்பட்டது. அதுதான் பர்மா பஜார்.

அரசாங்கக் கடதாசிகளில் இவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. 'தாயகம் திரும்பியோர்.'

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். ரங்கூனில் பிறந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது? வந்தவர்களில் சிலருக்குத் தமிழ்நாடு ஒத்துவரவில்லை. மீண்டும் பர்மாவுக்கே போவோம் என்று மணிப்பூர் வழியாகப் புறப்பட்டார்கள். எல்லையில் தடுத்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலேயே குடியிருந்துவிட்டார்கள். அந்த ஊர் மோரே. இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள்.

இதே சொல்லைத்தான் நம் மலையக உறவுகளுக்கும் சூட்டினார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு 'திரும்ப' வேண்டும் என்று இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள்தான் அவர்களில் பலர். பர்மாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வந்தவர்களுக்குக் கடனுதவி செய்ய 1969இல் இந்திய அரசு ஒரே வங்கியைத் தொடங்கியது. இன்றும் இயங்கும் ரெப்கோ வங்கி அதுதான்.

அந்த ஒப்பந்தம் கைச்சாத்தான திகதி 1964 ஒக்டோபர் 30. நமக்கு அந்தத் திகதி வேறொரு காரணத்துக்காக ஞாபகம். 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம். இரண்டு மணித்தியாலம்.

இரண்டு பெண்களும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

"நீ என்ன கொண்டு வந்தம்மா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு பேக்கும், மூத்த மகனுக்குப் பால்மா டின்னும் அக்கா. காதுல கழுத்துல இருந்ததெல்லாம் வாங்கிட்டாங்க" என்றார் உம்மா.

"எங்க அம்மா அம்மிக்குழவிய எடுத்துட்டு வந்தாங்க. கல்ல யாரும் கேக்கல" என்று அந்த அம்மா சிரித்தார். உம்மாவும் சிரித்தார். சோனகத் தெருவைப் பற்றிக் கதைக்கும்போது உம்மா சிரித்து நான் கண்டது குறைவு.

மகனிடம் கேட்டேன், உங்களை இங்கே எப்படிக் கூப்பிடுவார்கள் என்று. "எங்க அம்மாவ அங்க கலான்னு சொன்னாங்க. என்னை ஸ்கூல்ல பர்மாக்காரன்னு சொன்னாங்க. இத்தன வருஷமாச்சு, கடைக்குப் பேரும் அதான்" என்றார். பர்மாவை அவர் பார்த்ததே இல்லை.

நான் 1991இல் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவன். பாடசாலையில் எனக்கு 'அகதி' என்று பெயர் இருந்தது. இப்போது காணி, வாக்கு விஷயமாக யாழ்ப்பாணம் போனால் 'புத்தளத்தார்' என்கிறார்கள். கடதாசியில் நமக்கு எழுதியிருக்கும் சொல் 'மீள்குடியேற்றம்'. உம்மாவுக்கு அது சரியான சொல். சோனகத் தெருவில் எந்த வீட்டு மதிலில் எந்தப் பூமரம் சாய்ந்திருந்தது என்று அவர் சொல்வார். எனக்கு? புத்தளத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே படிப்பிக்கிற என் வயதுக்காரர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் 'மீள' என்றால் எங்கே?

யாழ்ப்பாணத்தில் நமக்குள்ள உரிமையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நம் உம்மா வாப்பாமாரிடம் பறித்தது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் போகிறவர்களைப் 'புத்தளத்தைக் கைவிட்டவர்' என்றும், இருக்கிறவர்களை 'யாழ்ப்பாணத்தை மறந்தவர்' என்றும் நமக்குள்ளேயே ஏசிக்கொள்கிறோமே, அதை நிறுத்தலாம். ஒரு மனிதனுக்கு இரண்டு ஊர் இருக்க முடியும். அந்த அத்தோவைப் பாருங்கள். பர்மியர் சாப்பிட்டால் இது எங்கள் ருசி இல்லை என்பார். சென்னையில் முன்பு இதைக் கண்டவர் இல்லை. இரண்டு ஊரும் அந்தக் கோப்பைக்குள் இருக்கின்றன, அதைச் சாப்பிடத்தான் சனம் வரிசையில் நிற்கிறது.

உம்மா சூப்பை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். வெளிக்கிடும்போது அந்த அம்மா எங்களிடம் காசு வாங்க மறுத்தார். உம்மா விடவில்லை, பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் வந்தார். ஊருக்கு வந்த கிழமையே ஒடியல் மா வாங்கிக் கூழ் காய்ச்சினார். பல வருடமாகச் செய்யாமல் விட்டிருந்தது. என் மகளுக்குப் பிடிக்கவில்லை. "இன்னொரு நாளைக்குக் குடிப்பா" என்றார் உம்மா.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கடை அம்மாவிடம், உங்கள் தகப்பன் ரங்கூனுக்கு எந்த வருடம் போனார் என்று கேட்டேன். தெரியாது என்றார். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அவர் போய்விட்டார் என்றார். நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. 1990இல் நாற்பது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டிவிட்டது.

அடுத்த தவணையில் என் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறேன். வீட்டில் உள்ள மூத்தவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். எந்தத் தெருவில் இருந்தீர்கள்? வெளிக்கிடும்போது எதை எடுத்தீர்கள்? அங்கே சமைத்து இங்கே சமைக்காமல் விட்ட சாப்பாடு எது? பிள்ளைகள் வந்து கேட்டால் 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இருத்தி வைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தச் சாப்பாட்டையும் ஒரு நாள் செய்து கொடுங்கள்.

வஸ்ஸலாம்.